சொல்லும் பொருளும்: ஸ்கோப்

"இந்தப் படிப்புக்கு ஸ்கோப் இருக்கிறதா?" உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் வன்னிப் பெருநிலத்து வீடுகளிற் பெற்றோர் பலரும் எழுப்பும் வினா இது. உத்தியோகம் கிடைக்குமா என்பதே அவர்தம் கருத்து. இத்துணை பழக்கமாகிவிட்ட அச்சொல்லின் பிறப்பை இவ்வாரம் ஆராய்வோம்.

இதன் வேர் கிரேக்க மொழியிலுள்ள 'ஸ்கொப்போஸ்' என்பதாகும். காவலிருந்து பார்ப்பவன் என்பது அதன் ஒரு பொருள். குறிவைக்கும் இலக்கு என்பது மற்றொரு பொருள். நெல் விளையுங் காலத்திற் காவற்பரணில் ஏறி, யானையும் பன்றியும் வருகின்றனவா என விழித்திருக்கும் நம் வன்னிக் கமக்காரனும் ஒரு 'ஸ்கொப்போஸ்' தான். தொலைவிலுள்ளதைக் காண உதவும் டெலஸ்கோப்பிலும், திருச்சபையை மேற்பார்வை செய்யும் பிஷப்பின் பட்டப்பெயரிலும் இதே வேர் மறைந்திருக்கிறது.

இச்சொல் இத்தாலிய மொழியில் 'ஸ்கோப்போ' ஆகி நோக்கம் எனப் பொருள் தந்தது. 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தபின், இலக்கு என்னும் பொருளோடு, செயற்படுவதற்குரிய இடம், எல்லை என்னும் பொருள்களையும் பெற்றது. நாளடைவிற் பின்னையவையே நிலைத்தன. தமிழிலும் பார்வையைக் குறிக்கும் நோக்கு என்பதிலிருந்தே நோக்கம் பிறந்தமையை மாணவர் எண்ணி மகிழலாம்.

ஆகவே, ஒரு விசாரணையின் ஸ்கோப் என வருமிடத்து 'வரம்பு' என்றும், முன்னேற ஸ்கோப் உண்டு என வருமிடத்து 'இடமுண்டு' என்றும் தமிழாக்குதல் பொருந்தும்.

அவ்விடம் இன்று வன்னியில் விரிந்தே இருக்கிறது. 2009 இற் போர் முடிந்தபோது வீடுகளும் பள்ளிக்கூடங்களும் சிதைந்து கிடந்த மண் இது. இன்றோ கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. 1997 இல் அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்த வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

எனினும், குறி இல்லாதவன் கையில் வில்லிருந்தும், அம்பு செல்ல வெளியிருந்தும் பயனென்ன? விருப்பமில்லாத படிப்பிற் பிள்ளையைச் சேர்த்துவிட்டு உத்தியோகத்தை மட்டும் எதிர்பார்க்கும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் நன்று. ஸ்கோப் இருக்கிறதா என்று ஊராரிடம் விசாரிக்குமுன், "பிள்ளை, உன் நோக்கம் என்ன?" என்று வீட்டில் ஒருமுறை கேட்கட்டும். அச்சொல்லின் பழைய பொருளும் அதுவே.