ஊதி ஊதி ஓய்ந்த நெஞ்சு

கேஸ் வந்துவிட்டதே, இனி விறகடுப்பு எதற்கு என்று பட்டணத்தார் கேட்கலாம். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் மிஞ்சியிருக்கிற லயங்களின் பின்பக்கம் வந்து பார்க்கட்டும். (பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள்; நமக்கு வாயில் வருவது பழைய பேர்தான்.) குளிக்க வெந்நீர் போட, கேஸ் தீர்ந்த நாளில் சோறு வடிக்க, திருவிழாவுக்கு அண்டா ஏற்ற இன்னும் அந்த அடுப்புத்தான்.

புகை என்பது எரியாமல் தப்பி ஓடுகிற விறகு. காற்று போதாத அடுப்பில் கட்டையின் ஒரு பகுதி புகையாகவே போகிறது. அதற்காக நம் தாய்மார்கள் ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறார்கள். ஊத வேண்டுமானால் முதலில் மூச்சை இழுக்க வேண்டுமே! இழுப்பது எதை? அதே புகையைத்தான். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

இப்போது சில இளைஞர்கள் பழைய கம்ப்யூட்டர் காற்றாடியைக் குழாயில் பொருத்தி அடுப்புக்குக் காற்று விடுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால், "காத்தாடி வச்சும் எரிய மாட்டேங்குதுங்க" என்ற புலம்பலும் கேட்கிறோம். கோளாறு பெரும்பாலும் காற்றாடியில் இல்லை. அடியில் சாம்பல் மூடிக்கிடந்தால் காற்று எந்த வழியாக ஏறும்? நாலு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டு அதன்மேல் விறகை வையுங்கள்; காற்றைக் கம்பிக்கு அடியில் விடுங்கள். குழாயில் வளைவு குறைவாக இருக்கட்டும். இணைப்பில் காற்று கசிந்தால் களிமண் பூசுங்கள். அடுப்புப் பக்கம் இரும்புக் குழாய்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். காற்றாடி இறக்கையில் ஒட்டுகிற தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும். அதற்காக வேகத்தைக் கண்டபடி கூட்டினால் சாம்பல் சோற்றில் விழும், சூடும் பறந்துபோகும். பச்சை ரப்பர் கட்டைக்கு எந்தக் காற்றாடியும் உதவாது. பிளந்து, மழை படாமல் சில மாதம் காயவைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து புகைபோக்கி இல்லையென்றால்? காற்றாடி அந்தப் புகையை இன்னும் வேகமாகக் குசினிக்குள் தள்ளும். வெளியே வழி விடாமல் உள்ளே காற்றுத் தள்ளுவதில் பயனில்லை.

இது முதலாளிமார்களுக்குத் தெரியாத வித்தையா? நாட்டிலேயே முதன்முதலாக வாணிப முறையில் செம்பனை நட்டது 1917-ல், நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். இன்று செம்பனை ஆலைகளில் நாரையும் ஓட்டையும் எரிக்கிற பாய்லருக்குப் பெரிய விசிறி, வானளாவிய புகைக்கூண்டு! ரப்பர் ஷீட்டு காய்ந்த புகைவீட்டுக்கும் அளந்து காற்று விட்டார்கள். லயத்துக் குசினிக்கு மட்டும் ஊதாங்குழல். ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லா அடுப்பை வடிவமைத்து 1950-களிலேயே பரப்பினார். அதற்குத் தேவைப்பட்டது மண்ணும் ஒரு குழாயும்தான்.

தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. ஆகவே கூரையை நாமாக வெட்டி வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டு எண்களைக் குறித்து, புகைபோக்கி வேண்டுமென்று நிர்வாகத்துக்கு எழுதுங்கள்; நகலைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். "சம்பளத்தை விட்டுட்டு அடுப்பைப் பேசறாங்களே" என்று சில ஆண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனுவில் முதல் கையெழுத்து அடுப்படியில் நிற்கிறவர்களுடையதாக இருக்கட்டும்.