அறை வாடகையும் அடக்க விலையில் சேரும்

கொள்முதலுக்காகச் சென்னை சென்று வரும் நம் சங்க உறுப்பினர்களின் கவனத்துக்கு ஒரு விஷயத்தைக் கொண்டுவர விரும்புகிறேன். டஜனுக்கு 2 ரூபாய் குறைப்பதற்காக நாம் அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். லாரி வாடகையில் 10 ரூபாய் கூடினால் புக்கிங் ஆபீசில் வாக்குவாதம் செய்கிறோம். ஆனால் அன்று எங்கே தங்குவது, எங்கே குளித்து உடை மாற்றுவது என்பதை மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு ஆட்டோக்காரரிடம் கேட்டு முடிவு செய்கிறோம். இது வியாபாரிக்கு அழகல்ல.

சரக்கின் விலை, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி ஆகியவை சேர்ந்ததே அடக்க விலை என்பது நம் அனைவருக்கும் தெரியும். லாட்ஜ் வாடகையும் அதில் சேர்ந்ததுதான். ஆகவே சரக்கு வாங்குவதற்குப் போடும் திட்டத்தைத் தங்குவதற்கும் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இந்தக் காலத்தில் நேரில் போவானேன்? வாட்ஸ்அப்பில் படம் வருகிறது, போனிலேயே ஆர்டர் கொடுக்கலாமே" என்று இளைய தலைமுறையினர் கேட்கிறார்கள். வழக்கமான சரக்குக்கு அது சரி. ஆனால் நான் காகிதம், எழுதுபொருள் மொத்த வியாபாரத்தில் 40 ஆண்டுகளாக இருப்பவன். 58 ஜி.எஸ்.எம். என்று சொல்லி விற்கும் நோட்டில் இருப்பது 54 ஜி.எஸ்.எம். தாளா என்பதைப் படம் சொல்லாது. விரல் சொல்லும். புதிய சரக்கு எது, தேங்கிப்போன சரக்கு எது என்பதும் கடை வாசலில் நின்றால்தான் தெரியும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவையாவது நேரில் போகத்தான் வேண்டும்.

அப்படிப் போகிறவர்களில் பலர் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். இரண்டுமே நஷ்டம் என்பேன்.

முதலாவது, அறையே எடுக்காமல் சமாளிப்பது. இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் கட்டணக் குளியலறையில் குளித்து, பகல் முழுவதும் வெயிலில் அலைந்து, மறுபடியும் இரவு பஸ் பிடிப்பது. மாலை 4 மணிக்கு மேல் காலும் ஓய்ந்துவிடும், மனமும் ஓய்ந்துவிடும். "சரி, போடுங்க" என்ற வார்த்தை அப்போதுதான் வாயில் வரும். ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுப்பவர், களைப்பினால் நூற்றுக்கு 1 ரூபாய் விட்டுக்கொடுத்தால் போவது 1,500 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு நல்ல அறையில் படுத்து எழுந்திருக்கலாம்.

இரண்டாவது, சரக்குக் கொடுப்பவர் செலவில் தங்குவது. அந்தக் காலத்தில் மண்டி மாடியிலேயே வெளியூர் வியாபாரிகள் படுத்துக்கொள்வார்கள். லாட்ஜுகள் குறைவு, கையில் காசும் குறைவு. அது அன்றைய நிலைமை. இன்று, "நீங்க வாங்க அண்ணாச்சி, ரூம் நான் போட்டுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த அறைக்கு வாடகை கொடுப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். அது நம் பில்லில்தான் ஏறியிருக்கும். அதுமட்டுமல்ல, ஒருவர் போட்டுக் கொடுத்த கட்டிலில் தூங்கி எழுந்து, பக்கத்துக் கடைக்குப் போய் விலை கேட்க மனம் கூசும். டீ குடிக்கலாம், ஒரு வேளை சாப்பிடலாம், அது மரியாதை. படுக்கை மட்டும் நம் காசில் இருக்க வேண்டும். நாம் வாடகை கொடுத்த அறையிலிருந்து கிளம்பினால்தான் நாலு கடை ஏறி இறங்கும் சுதந்திரம் நமக்கு இருக்கும்.

இனி, எங்கே தங்குவது? நம் சரக்கு இருக்கும் இடத்தைப் பொறுத்தது அது. ஜவுளிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, கண்ணாடிச் சாமான்களுக்குத் தேவராஜ முதலி தெரு, ரசாயனப் பொருள்களுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு என்று எல்லாம் பாரிமுனையைச் சுற்றியே உள்ளன. இவற்றில் வேலை உள்ளவர்கள் பாரிமுனை, மண்ணடிப் பக்கம் தங்குவது நல்லது. அங்கே இரைச்சல் தாங்காது என்பவர்கள் எழும்பூரிலோ பெரியமேட்டிலோ தங்கலாம். 2019 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய இடங்களில் மெட்ரோ ரயில் நிற்பதால், எழும்பூரிலிருந்து ஏறி சென்ட்ரலில் வண்டி மாறினால் பாரிமுனைக்கு ஆட்டோ தேவையில்லை. மின்னணுச் சாமான்களுக்கு ரிச்சி தெரு போகிறவர்களுக்கும் எழும்பூர் வசதியானதே. காய்கனி வியாபாரிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. 1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து காய்கனி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. அங்கே வியாபாரம் விடியுமுன்பே சூடுபிடித்துவிடும். எனவே கோயம்பேட்டிலேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனை மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைப்பு என்பதையும் நினைவில் வைத்து நாளைக் குறியுங்கள்.

இறங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு தென்மாவட்ட அரசு பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து பாரிமுனை 30 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவோ காரோ பிடித்தால், நாம் லாட்ஜில் மிச்சம் பிடிக்க நினைத்த பணம் வழியிலேயே போய்விடும். மாநகரப் பஸ்ஸில் தாம்பரம் வந்து, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் செலவு சொற்பம். கடற்கரை நிலையத்திலிருந்து பாரிமுனை நடந்து போகும் தூரந்தான். ரயிலில் வருகிறவர்கள் வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தில் நிற்கிறதா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மிக முக்கியமானது. லாட்ஜின் நாள் கணக்கு. சில இடங்களில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடங்களில் பகல் 12 மணியோடு நாள் முடிந்தது. காலை 6 மணிக்கு வந்து, குளித்து, கடைகள் திறக்கும் நேரத்துக்கு வெளியே போய், மாலை திரும்பி, இரவு 8 மணிக்கு ஊருக்குக் கிளம்பும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். வாடகை 900 ரூபாய், ஆனால் 12 மணிக் கணக்கு என்றால் அவர் இரண்டு நாள் வாடகையாக 1,800 ரூபாய் கொடுக்க நேரிடும். வாடகை 1,300 ரூபாய், ஆனால் 24 மணிக் கணக்கு என்றால் 1,300 ரூபாயோடு முடிந்தது. போர்டில் குறைவாகத் தெரிந்த லாட்ஜ், பில்லில் 500 ரூபாய் கூடுதல். சில மணி நேரம் மட்டும் ஓய்வு போதும் என்பவர்கள் சென்ட்ரல் ரயில் நிலைய ஓய்வறையையும் கவனிக்கலாம். ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்ய முடியும்.

செல்போன் செயலிகளில் வரும் அழகான படத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அங்கே விலையைப் பார்த்துக்கொண்டு, லாட்ஜுக்கே போன் செய்து பேசுங்கள். கேட்க வேண்டியவை இவை: 24 மணிக் கணக்கா, 12 மணிக் கணக்கா? சொல்லும் வாடகை வரியுடன் சேர்த்தா? இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு? லிப்ட் உண்டா, கரண்ட் போனால் அதற்கு ஜெனரேட்டர் உண்டா? வெந்நீர் எந்த நேரம் வரும்? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா? அறையைக் காலி செய்த பின் பையை ஆபீசில் வைத்துக்கொள்வார்களா? ஐந்து நிமிடப் பேச்சில் இவை அனைத்தும் தெரிந்துவிடும். பேசியவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அறையைப் பார்த்து, விசிறி, குழாய், தாழ்ப்பாள் மூன்றையும் சோதித்த பிறகே பணம் கட்டுங்கள்.

பில் வாங்காமல் வராதீர்கள். 2022 ஜூலை 18க்கு முன்பு நாள் வாடகை 1,000 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அன்று முதல் 12 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. இன்னும் 12 என்று போட்டால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத லாட்ஜ் வரி வசூலிக்க முடியாது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். பில்லில் கடையின் பெயரும் நம் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்தால் கணக்கில் ஏற்றுவதற்கு ஆடிட்டருக்கு எளிது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் நிற்காது.

இடுப்பில் பணத்தைக் கட்டிக்கொண்டு தூங்காமல் விடிய விடிய விழித்திருந்த காலம் போய்விட்டது. 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். வசதி இரவு பகல் எந்நேரமும் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கொள்முதலைப் பொதுவாக வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் உள்ளபோது 50,000 ரூபாய்க்கு மேல் ஆதாரமின்றிக் கொண்டு போனால் பறிமுதல் ஆகும். எனவே கைச்செலவுக்கு மட்டும் ரொக்கம் போதும். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரையோ டிரைவிங் லைசென்சையோ கொடுத்து, நகலின் மேல் தேதியையும் "லாட்ஜ் அறைக்காக" என்றும் எழுதிவிடுங்கள். வாங்கிய சரக்கை அறைக்குக் கொண்டு வரவே வேண்டாம். கடையிலிருந்து நேரே பார்சல் ஆபீசுக்குப் போகட்டும். கையில் ரசீது இருந்தால் போதும்.

செலவைக் குறைப்பது வேறு, உயிரைப் பணயம் வைப்பது வேறு. 2025 ஏப்ரல் 29 அன்று இரவு கொல்கத்தாவின் மொத்த வியாபாரப் பகுதியான புர்ராபஜாரில் ஒரு சாதாரண ஓட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தனர். பலர் புகையில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூவரும் அதில் உண்டு, அவர்களில் இருவர் குழந்தைகள். பாரிமுனையிலும் குறுகிய சந்து, ஒற்றை மாடிப்படி, படியெல்லாம் அட்டைப்பெட்டி என்று பல கட்டடங்கள் இருக்கின்றன. சாவி வாங்குமுன் இரண்டாவது வழி எங்கே என்று கேளுங்கள். ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். வெளியே போக ஒரே வழி, அதிலும் சாமான் அடுக்கியிருக்கிறது என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஜவுளி, பேன்சி, அழகுப் பொருள் கடைகளைப் பெண்கள் பலர் திறம்பட நடத்துகிறார்கள். ஆனால் கொள்முதலுக்குத் தனியாக வரும் பெண்ணுக்குச் சில லாட்ஜுகளில் அறை இல்லை என்கிறார்கள். அப்படி மறுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அண்ணனோ மகனோ லீவு போட்டுத் துணைக்கு வந்தால்தான் அவர் சரக்கு எடுக்க முடியும் என்றால், அவருடைய அடக்க விலை மட்டும் கூடுதலாகிறது. அதே தெருவில் கடை வைத்திருக்கும் ஆணோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்?

ஆகவே சங்கப் பொறுப்பாளர்கள் நாலு பேர் ஒருமுறை நேரில் சென்று, பாரிமுனை, எழும்பூர், கோயம்பேடு ஆகிய மூன்று பகுதிகளிலும் தலா இரண்டு லாட்ஜுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாடிப்படி, தண்ணீர், நாள் கணக்கு, பில் ஆகியவற்றைப் பார்த்து, உறுப்பினர் அட்டை காட்டினால் ஆண், பெண் பேதமின்றி அறை தருவதாக உறுதி பெற வேண்டும். ஆண்டு முழுவதும் நம் உறுப்பினர்கள் போய் வருவதால் வாடகையிலும் சலுகை கேட்கலாம். அந்தப் பட்டியலை இவ்விதழிலேயே வெளியிட்டு, தங்கி வந்தவர்கள் சொல்லும் குறை நிறைகளைக் கொண்டு ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

தனித்தனியாகப் பேரம் பேசுவதைவிடச் சேர்ந்து பேசினால் விலை குறையும் என்பதைச் சரக்கில் நாம் கண்டிருக்கிறோம். தங்கும் அறையிலும் அதைச் செய்து பார்ப்போம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.