குதிரை ஓடிய இடத்தில் குளம் வெட்ட 78 ஆண்டுகள்

என் பெரியம்மா தினமும் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, பெரும்பாக்கத்திலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வீட்டு வேலைக்கு வருகிறார். முன்பு சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையில் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, 'உங்கள் பாதுகாப்புக்குத்தான்' என்று சொல்லி நகரத்துக்கு வெளியே ஏழாவது மாடியில் குடிவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றது. லிஃப்ட் ஓடவில்லை. போனில் சொன்னார்: "ஆத்தாண்ட இருந்தா வெள்ளம் வரும்னு இட்டாந்தாங்க. இங்க ஏரியிலயே வூடு கட்டிக் குட்த்துக்கிறாங்க."

அவர் சொன்னது மிகையில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் உழைக்கும் மக்களை, அதிலும் பெரும்பாலும் தலித்துகளை, கொண்டுபோய்க் கொட்டிய இடங்கள் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். தென் சென்னையின் மழைநீர் போய்ச் சேரும் இடம் அது. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது நாமும் மகிழ்ந்தோம். அதன் ஓரத்தில் வாழும் மனிதர்களுக்கு என்ன அங்கீகாரம் என்று யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா வேலை செய்யும் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தொல்காப்பியப் பூங்கா. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011இல் திறந்தார்கள். அலையாத்தி மரங்கள் வளர்ந்தன, பறவைகள் திரும்பின. நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் குறிப்பிட்ட நாட்களில், கட்டணம் கட்டி, வழிகாட்டியின் பின்னால் மட்டுமே போக முடிகிற இடமாகத்தான் அது பல ஆண்டுகள் இருந்தது. சுவருக்கு வெளியே சீனிவாசபுரத்துப் பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் திரிந்தார்கள். அதே கழிமுகத்தின் கரையில் எம்.ஆர்.சி. நகரின் மாடிகள் எழும்பின. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

எது ஆக்கிரமிப்பு? தியாகராய நகரையே எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோட்டை ஒட்டி நீண்டு கிடந்த ஏரியில், மாம்பலம் பகுதியைத் தூர்த்து 1920களில் உருவாக்கிய நகர் அது. செய்தது நாம் கொண்டாடும் நீதிக்கட்சி ஆட்சி. பெயர் தியாகராயர் பெயர், நடுவில் பனகல் பூங்கா. நம்மவர்கள் செய்ததால் அதைச் சொல்லாமல் விட முடியாது. லேக் வியூ ரோடு, டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர்களில் மட்டும் ஏரி மிச்சமிருக்கிறது. 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் திரும்ப வந்தது. செய்த தீர்வு என்ன? மழைநீர் வடிகால். யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆனால் அந்த நியாயம் அதோடு நின்றுவிடுவதுதான் சாதி.

2022 மே மாதம், இதே ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த கோவிந்தசாமி நகர் வீடுகளை நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தார்கள். பல தலைமுறை வாழ்ந்த வீடுகள். எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதே கால்வாயின் தண்ணீருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூண் நீரோட்டத்தைத் தடுக்காதாம், குடிசை தடுக்குமாம்! அந்த உயிர் போன பிறகு, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அப்படியென்றால் பக்கத்தில் வீடு கொடுக்க முன்பும் வழி இருந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் கிண்டி ரேஸ் கோர்ஸைப் பார்க்கிறேன். 160 ஏக்கர் அரசு நிலம். 1946 முதல் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். சைதாப்பேட்டையில் பெரியம்மா ஒரு அறைக்கு மாதம் கொடுத்த வாடகை இதைவிட அதிகம். 2024 செப்டம்பரில் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்தது. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க உள்ளே குளங்கள் வெட்டினார்கள், பசுமைப் பூங்காவும் வரும் என்கிறார்கள். மேட்டில் தேக்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் போகாமல் மிச்சம்.

இதற்காக ஒரு குடிசையைக்கூட இடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். வெள்ளத்தைத் தடுக்க ஏழையை அகற்றியே தீர வேண்டும் என்று இவ்வளவு காலம் சொன்னது பொய் என்று அந்தக் குளங்கள் காட்டுகின்றன. நகரத்தின் நடுவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் பசும்புல்லோடு மன்றங்களும் கோல்ஃப் மைதானங்களும் இருக்கின்றன. அடுத்த குளத்தை வெட்ட அங்கே அளவெடுக்கட்டும். சூழலியல் பேசும் நம் தோழர்கள் பறவைக் கணக்கெடுப்போடு அந்தக் குத்தகைக் கணக்கையும் எடுக்கட்டும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் வைத்தால் முதல் நாளே எதிர்ப்போம்.

கிண்டிக் குளங்களைப் பற்றி பெரியம்மாவிடம் சொன்னேன். "நம்ம சைதாப்பேட்டைக்குப் பக்கம்தானே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க பெருக்கித் தள்ள ஆள் எடுப்பாங்களானு கேட்டுச் சொல்லுப்பா. அப்படியே சைதாப்பேட்டைலயே வூடு குடுப்பாங்களானும் கேளு" என்றார்.