எல்லோரும் வாங்கும் ஆன்டிபாடியை நம்பலாமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். உயிரியல் ஆய்வகங்களில் இருக்கும் என் பழைய மாணவர்களும், பிஎச்டி செய்யும் பிள்ளைகளின் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஆய்வகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரதத்தைத் தேட ஆன்டிபாடி வாங்க வேண்டும் என்றால், "இதை வைத்து எத்தனை கட்டுரை வந்திருக்கிறது?" என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நிறைய வந்திருந்தால் ஆர்டர் போட்டுவிடுவார்கள். சீனியர் சொன்னார், கைடும் தலையாட்டினார், முடிந்தது. இந்த வழக்கத்தை விட்டாக வேண்டும் என்பது என் கட்சி.

ஆன்டிபாடி என்பது நாம் பள்ளியில் எதிர்ப்பொருள் என்று படித்ததுதான். குறிப்பிட்ட ஒரு வேற்றுப் பொருளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம். நமக்கு வேண்டிய புரதத்தை ஒரு முயலுக்கு ஊசியில் போட்டால், அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி முயலின் ரத்தத்தில் உருவாகும். அதைப் பிரித்தெடுத்து, திசுவின் மேல் விட்டு, நிறம் வரச் செய்தால் அந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிய வேண்டும்! ஆனால் ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள். சாயலில் ஒத்த வேறொன்றை அது பிடித்துக்கொண்டாலும் அதே பழுப்பு நிறம்தான் வரும். தப்பான ஆளைப் பிடித்திருக்கிறேன் என்று அது நம்மிடம் சொல்லாது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கதையைக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோயில் ஆல்பா என்ற ஏற்பி இருக்கிறதா என்று பார்த்துத்தான் டமாக்சிஃபென் போன்ற மருந்தைத் தருகிறார்கள். 1996ல் ஸ்வீடனில் பீட்டா என்ற இரண்டாவது ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். புதிய சிகிச்சைக்கு வழி பிறக்கும் என்று பெரிய நம்பிக்கை. மார்பகக் கட்டியில் பீட்டா இருக்கிறது என்று கட்டுரை மேல் கட்டுரை வந்தது. அது இருந்தால் நல்லது என்றார்கள் சிலர், கெட்டது என்றார்கள் சிலர். இருபது ஆண்டுகள் ஓடின. சிகிச்சை மட்டும் வரவில்லை.

2017ல் ஸ்வீடன் ஆய்வாளர்களே பீட்டாவுக்கான 13 ஆன்டிபாடிகளை எடுத்து முறையாகச் சோதித்தார்கள். திசுச் சோதனையில் பீட்டாவை மட்டும் சரியாகப் பிடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் யாரும் அதிகம் சீண்டாத ஒன்று! அதை வைத்துப் பார்த்தபோது விந்தகத்திலும் சினைப்பையிலும் பீட்டா தெரிந்தது. மார்பகத் திசுவில், நல்லதிலும் சரி, புற்றுநோய் வந்ததிலும் சரி, தென்படவே இல்லை.

(இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மருத்துவமனை ரிப்போர்ட்டைச் சந்தேகப்பட வேண்டாம். அங்கே பார்ப்பது ஆல்பா. நோயறியப் பயன்படும் ஆன்டிபாடிகளுக்குக் கட்டுப்பாடு வேறு. நான் சொல்வது "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டி விற்கப்படுபவை.)

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வரிசையில் பத்துப் பேர் ஒரே விடையை எழுதியிருந்தால் அது சரியான விடை என்றா முடிவு செய்வோம்? யாரைப் பார்த்து எழுதினார்கள் என்றுதான் தேடுவோம். நூறு கட்டுரைகளில் ஓர் ஆன்டிபாடி வந்திருக்கிறது என்றால் நூறு பேர் அதை வாங்கினார்கள் என்று பொருள். நூறு பேர் சோதித்தார்கள் என்று பொருள் இல்லை.

சரி, எப்படித்தான் சோதிப்பது? அந்தப் புரதமே இல்லாத செல்லில் விட்டுப் பார்க்க வேண்டும். கிரிஸ்பர் முறையில் அந்த ஜீனை நீக்கிய செல்லையும் சாதாரண செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் சமிக்ஞை வர வேண்டும், மற்றதில் வரக்கூடாது. இரண்டிலும் வந்தால் குப்பி குப்பைக்குத்தான். கனடாவின் மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஒரு குழு இதைப் பெரிய அளவில் செய்து 2023ல் வெளியிட்டது. 65 புரதங்களுக்கு 614 ஆன்டிபாடிகள். பாதிக்கு மேல் ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. தோற்றவை பல கட்டுரைகளில் ஏற்கெனவே இடம்பிடித்தவை. முடிவுகளைக் காட்டியதும் தயாரிப்பாளர்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், சிலவற்றுக்குப் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றினார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

"ஏதாவது ஒரு சோதனை" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெஸ்டர்ன் பிளாட்டில் புரதத்தைச் சூடாக்கி மடிப்பை அவிழ்த்துவிடுகிறோம். ஃபார்மலினில் ஊறிய திசுவில் அதன் உருவம் வேறு. ஒன்றில் ஜெயித்த ஆன்டிபாடி மற்றதில் தோற்கலாம். எனவே "நல்ல ஆன்டிபாடி" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, எந்த வேலைக்கு நல்லது என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, முயல் ஒருநாள் செத்துப்போகும். அடுத்த முயலின் ஆன்டிபாடி அதே போல இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜீன் வரிசை தெரிந்து செல்லில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் வகையில் அந்தத் தொல்லை குறைவு. 614லும் அந்த வகைதான் முந்தி நின்றது.

"ஒரு குப்பி வாங்கவே பல ஆயிரம் ரூபாய், இதில் சோதனை வேறா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டொராண்டோவில் நடந்ததைப் பாருங்கள். கணையப் புற்றுநோயைக் காட்டும் என்று நம்பி ஒரு புரதத்தின் பின்னால் போனார்கள். வாங்கிய கிட் அளந்தது வேறொரு புரதத்தை என்று தெரிவதற்குள் 2 ஆண்டுகளும் 5 லட்சம் டாலரும் போய்விட்டன. அவர்கள் தோண்டித் துருவி அதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்காதவர்கள் எத்தனை பேரோ! மோசமான ஆன்டிபாடிகளால் உலக அளவில் ஆண்டுக்கு 80 கோடி டாலர் வீணாகிறது என்று 2015ல் நேச்சர் இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு எழுதினார்கள். பிஎச்டி மாணவருக்கு இழப்பு டாலரில் இல்லை. ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் போனால் அந்தப் பிள்ளைக்கு அதைத் திருப்பித் தருவது யார்? சோதனை சரியாக வராதபோது "உனக்குக் கை சரியில்லை" என்று திட்டு வாங்குவதும் அந்தப் பிள்ளைதான்.

ஜீன் நீக்கிய செல் கிடைக்காவிட்டால் வேறு வழிகள் இருக்கின்றன. அந்த ஜீன் இயங்காத செல் வகை எது என்று ஹியூமன் புரோட்டீன் அட்லஸில் இலவசமாகப் பார்க்கலாம். ஆர்என்ஏ குறுக்கீட்டால் புரதத்தைக் குறைத்துப் பார்க்கலாம். புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடலாம். மான்ட்ரியால் குழுவின் அறிக்கைகளும் இலவசம்தான், வாங்குவதற்கு முன் தேடிப் பாருங்கள். கேட்டலாக் எண்ணோடு லாட் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

கைடாக இருக்கும் நண்பர்களே, அடுத்த மானிய விண்ணப்பத்தில் ஆன்டிபாடி சோதனைக்கென்று தனியாக ஒரு தொகை கேளுங்கள். வைவாவுக்குப் போனால் அந்தப் பழுப்பு நிறப் படம் வரும்போது, புரதம் இல்லாத செல்லின் படம் எங்கே என்று கேளுங்கள். கேள்வி மாணவரிடம் மட்டும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கைடிடமும் கேளுங்கள்.