“எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?” என்பது விடையன்று

லினக்ஸ் அல்லாத இயங்குதளத்தில் இணைய வழங்கி மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து ஓட்ட முற்படும் ஆய்வு மாணவர் உதவி கேட்டால், முதலில் வருவது எதிர்க்கேள்விதான்: “ஃப்ரீபிஎஸ்டியை, ஓப்பன்பிஎஸ்டியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?” கட்டற்ற மென்பொருளின் பெயரால் பேசுவோரே இவ்வாறு கேட்பது முரண் என்பேன்.

வரலாறு வேறு கதை சொல்கிறது. ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே செயல்முறை கவனிக்க உதவும் கேகியூ என்னும் வசதி ஃப்ரீபிஎஸ்டியில் 2000இல் வந்தது. லினக்ஸின் ஈபோல் அதற்குப் பிற்பட்டது. 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கூறுகளை வைத்து, எஞ்சிய நிரலைப் பொதுவாக்கியது. அப்பாச்சி 2.0 இதே நோக்கத்துக்காக ஏபிஆர் என்னும் நூலகத்தை அடித்தளமாகக் கொண்டது. பல தளங்களில் ஓட வேண்டும் என்ற கட்டாயமே இவற்றின் கட்டமைப்பைச் செம்மையாக்கியது.

தொகுப்பு முறியும் இடம் பெரும்பாலும் நம் மறைமுக அனுமானம் வெளிப்படும் இடம். 2006இல் உபுண்டு 6.10, கணினி நிரல்வரிகளை இயக்கும் இயல்பு ஷெல்லை பேஷிலிருந்து டேஷுக்கு மாற்றியபோது பல நிரல்கள் முறிந்தன. எல்லா ஷெல்லும் பேஷே என்று நம்பி எழுதப்பட்டவை அவை. அவற்றைப் பிஎஸ்டி தளமொன்றில் ஒருமுறை ஓட்டியிருந்தால் பிழை முன்பே தெரிந்திருக்கும்.

மறுப்பு ஒன்றுண்டு. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபின் ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து லிப்ரெஎஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்தோர், வழக்கொழிந்த தளங்களுக்கான நிரலை வெட்டி எறிந்தார்களே என்பர். உண்மை. ஆனால் வெட்டியவர்கள் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள். பிற தளங்களுக்கெனத் தனிப் பதிப்பையும் அவர்களே வெளியிடுகிறார்கள். நிரலெங்கும் சிதறிக்கிடந்த விதிவிலக்குகளே நோய். பல தளங்களை ஆதரிப்பது நோயன்று.

கேரளப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், விண்டோஸே கணினி என்றிருந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறியது. அன்று “எத்தனை பேர்?” என்று கேட்டு நின்றிருந்தால் இன்றைய பள்ளிக் கணினிகள் வேறாக இருந்திருக்கும். பள்ளிவாசல் தோட்டப் பகுதித் தமிழருக்கும் இக்கேள்வி புதிதன்று. மொழிச் சிறுபான்மையினர் தமிழ்ப் பாடநூலும் தமிழாசிரியரும் கேட்கும்போதெல்லாம் எதிர்ப்படுவதும் இதே தலைக்கணக்குதான். அதன் குரூரம் அறிந்த நாம், கணினித்துறையில் அதையே பிறர்மேல் ஏவலாமா?

என் கோரிக்கை சிறிது. பல்கலைக்கழகத்துக்கோ அரசுக்கோ வழங்கி மென்பொருள் எழுதுவோர், வெளியிடுமுன் லினக்ஸ் அல்லாத ஒரு தளத்திலேனும் அதைத் தொகுத்துப் பார்க்க வேண்டும். மெய்நிகர் கணினி ஒன்று போதும். பிஎஸ்டி தளங்களுக்கு விலையில்லை. முறிந்தால், தளத்தைப் பழிக்குமுன் உங்கள் நிரலைப் படியுங்கள்.