மகாநாட்டின் வாசலில்

கல்யாண வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது; மேளம் முழங்குகிறது; இலையும் போட்டாயிற்று. ஆனால், அழைப்பிதழ் கையில் இல்லை என்று மாப்பிள்ளையையே வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். விஞ்ஞான மகாநாடுகள் சிலவற்றில் இப்படியும் நடந்திருக்கிறது. அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பெரியதொரு வைத்திய மகாநாட்டில் கலந்துகொள்வது எளிதன்று. ஆராய்ச்சியின் சுருக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும்; நிபுணர் குழு அதை ஏற்க வேண்டும்; பெயரைப் பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். முன்கூட்டியே செலுத்துவோருக்கு ஒரு தொகை, கடைசி நேரத்தில் வருவோருக்கு அதைவிடக் கூடுதல். மாணவர்களுக்கும் ஏழை நாட்டினருக்கும் கட்டணத்தைக் குறைத்து, சிலருக்குப் பிரயாணச் செலவையும் கொடுத்து உதவும் மகாநாடுகள் உண்டு. மண்டபத்தின் இடம் அளவானது, செலவோ பெரிது. ஆகவே யார் வரலாம், எவ்வளவு செலுத்த வேண்டும் என்று விதி வகுப்பதில் குற்றமில்லை. ஆனால், எந்த நோயைப் பற்றிப் பேசக் கூடுகிறார்களோ, அந்த நோயாளிக்கே அனுமதியில்லை என்றால்?

பெட்டியில் இருந்த மருந்து

1987-ல் அமெரிக்க சர்க்கார், அபாயகரமான தொற்று நோய்களின் பட்டியலில் எச்.ஐ.வி.யையும் சேர்த்தது. அக்கிருமி உடலில் உள்ள அந்நியர்கள் நாட்டுக்குள் நுழையத் தடை ஏற்பட்டது. 1989 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் நடைபெறவிருந்த ஒரு சுகாதார மகாநாட்டுக்காக டச்சுக்காரர் ஒருவர் விமானத்தில் வந்து இறங்கினார். வழியில் மினியாபோலிஸ் விமான நிலையத்தில் அவரது பெட்டியைச் சோதித்த அதிகாரிகள், அதில் எய்ட்ஸ் நோய்க்கான மருந்து இருப்பதைக் கண்டார்கள். மகாநாட்டுக்கு வந்தவர் சில நாட்களைச் சிறையில் கழிக்க நேர்ந்தது.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. 1990 ஜூனில் ஆறாவது சர்வதேச எய்ட்ஸ் மகாநாடு சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது, பல ஸ்தாபனங்கள் அதைப் பகிஷ்கரித்தன. மகாநாட்டுக்கு வருவோருக்குப் பத்து நாள் விசேஷ விசா தருவதாக அமெரிக்கா கூறியும் அவர்கள் சமாதானமடையவில்லை. 1992-ம் ஆண்டு மகாநாடு பாஸ்டன் நகரில் நடப்பதாக இருந்தது. அதன் அமைப்பாளர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள்: மகாநாட்டையே அமெரிக்காவிலிருந்து எடுத்து ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

சட்டம் உடனே இளகிவிடவில்லை. 1993-ல் தடை இன்னும் கெட்டிப்பட்டது. 2010 ஜனவரியில்தான் அது முற்றிலும் நீங்கியது. 2012 ஜூலையில் வாஷிங்டனில் மகாநாடு கூடியது. அமெரிக்க மண்ணில் அது மறுபடி கூடுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கதவு திறந்தபோது

நோயாளி மேடையேறினால் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம் என்று கேட்போர் உண்டு. 2000-ம் ஆண்டு, ஆப்பிரிக்கக் கண்டத்தில் முதன்முறையாக டர்பன் நகரில் இந்த மகாநாடு கூடியது. பிறவியிலேயே அக்கிருமியைப் பெற்றிருந்த பதினொரு வயதுச் சிறுவன் நிகோசி ஜான்சன் துவக்க விழாவில் பேசினான். கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள், குழந்தைகளுக்கு நோய் வராமல் காப்பாற்றுங்கள் என்று சர்க்காரைக் கேட்டுக்கொண்டான். அடுத்த ஆண்டே அவன் இறந்து போனான். மருந்து பணக்கார நாடுகளில் இருக்கிறது, நோயாளிகள் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள் என்ற உண்மை அதற்குமுன் புள்ளி விவரமாக இருந்தது. அந்தப் பையனின் குரலில் அது மனிதனின் முறையீடாயிற்று.

இந்தியாவில் இக்கிருமி 1986-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூரில் சோதிக்கப்பட்டன. ரத்தம் கொடுத்தவர்கள் சமூகம் ஒதுக்கி வைத்திருந்த ஏழைப் பெண்கள். ஆராய்ச்சிக்கு அவர்களுடைய ரத்தம் வேண்டும், ஆலோசனைக்கு மட்டும் அவர்களைப் போன்றோர் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

சீட்டு மட்டும் போதுமா?

பழைய கதை முடிந்தது என்று நிம்மதியடைவதற்கில்லை. 2022-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மகாநாடு நடந்தது. ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளிலிருந்து வரவேண்டிய பலருக்கு விசா மறுக்கப்பட்டது. பலருக்கு உரிய காலத்தில் பதிலே வரவில்லை. பேச அழைக்கப்பட்டிருந்தவர்களும், உதவித்தொகை கிடைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மகாநாட்டுச் சீட்டு கையில் இருந்தது. விமானம் ஏறத்தான் வழியில்லை.

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கேட்கலாமே என்பது ஒரு சமாதானம். கேட்கலாம்; அது நல்ல வசதிதான். ஆனால், இடைவேளையில் காப்பி குடித்துக்கொண்டே ஒரு பேராசிரியரிடம் சந்தேகம் கேட்பதும், அதிலிருந்து ஒரு கூட்டு ஆராய்ச்சி பிறப்பதும் திரையில் எளிதில் நடக்கிற காரியமல்ல.

மகாநாடு நடத்துவோர் செய்யக்கூடியவை சில உண்டு. வெளிநாட்டினர் விசாவுக்கு அலைய வேண்டியிருப்பதை நினைத்து, ஏற்பையும் அழைப்புக் கடிதத்தையும் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பலாம். விசா மறுக்கப்பட்டவருக்குக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தரலாம். நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கென்று சில இடங்களைத் தனியே ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த மகாநாட்டுக்கு ஊர் தேடும்போது, மண்டபத்தில் எத்தனை நாற்காலி போடலாம் என்று எண்ணுவதற்கு முன்னால், அந்த நாட்டுக்குள் யாரையெல்லாம் விடுவார்கள் என்று விசாரிக்க வேண்டும். 1992-ம் ஆண்டு மகாநாட்டுக்குப் பாஸ்டனைக் கைவிட்டவர்கள் செய்ததும் அதுதான்.