ஒட்டு வேலை என்னும் வசவு

ஆழ்வார்திருநகரியில் வீடு கட்டுகிறவர் ஆசாரியிடம், "முழுத் தேக்குதானே? ஒட்டு வேலை இல்லையே?" என்று கேட்பார். சென்னையில் வாடகை ஃபிளாட்டில் இருக்கும் நம் தலைமுறை அதையே "சாலிட் வுட்டா ப்ரோ?" என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றுதான். மரத்திடமும் குலம் விசாரிப்பது.

வினீரையும் மைக்காவையும் குழப்பிக்கொள்வதில் ஆரம்பிக்கிறது கோளாறு. மைக்காவில் இருப்பது மரத்தின் படம். வினீர் நிஜ மரமேதான், அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவியது. ஒரு இன்ச் கனத் தேக்கில் நாற்பது தாளாவது தேறும். மேலும் கீழும் ஒட்டினாலும் இருபது மேசைக்கு வரும். முழுப் பலகையாகப் போட்டால் ஒரே மேசை. மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. நம்மாட்கள் இன்னும் பர்மா தேக்கு என்றே கேட்கிறார்கள். அதுவும் ஒரு புளியமரத்தை ஊரே கும்பிடுகிற ஊரில்!

மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும். ஐப்பசி மழையில் கதவு சாத்த முடியாமல் மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்த உப்பல் அடங்குகிறது. அதன்மேல் வினீர் ஒட்டுவது சுளுவான வேலை இல்லை. அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்து ரேகைகளைச் சேர்க்க வேண்டும். பசை ஓரிடத்தில் குறைந்தால் குமிழ் வரும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். இதைச் செய்கிறவருக்குத்தான் "ஒட்டுதானே" என்று கூலியைக் குறைக்கிறோம்.

18ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் மரப்பெட்டிகளின்மேல் யானைத்தந்தத் தகடு ஒட்டி, கீறல்களில் அரக்கு நிரப்பி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். இன்று அவை மியூசியத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் எதற்கு? கோயில் கொடிமரத்தைப் பாருங்கள். உள்ளே மரம், வெளியே தகடு. அதை யாராவது ஒட்டு வேலை என்று சொல்வோமா? (நாம் எழுதும் கோடும் யாரோ எழுதிய லைப்ரரிமேல் ஒட்டிய மெல்லிய தோல்தான். சம்பளம் மட்டும் முழுத் தேக்குக்கு.)

நாற்காலிக் காலுக்கும் செதுக்கு வேலைக்கும் முழு மரம்தான் வேண்டும், மறுக்கவில்லை. வினீரை முழு மரம் என்று சொல்லி விற்பவன் திருடன், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லவைப்பதே நம்முடைய அந்த முதல் கேள்விதான்.

அடுத்த முறை மேசை வாங்கும்போது குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் வினீர் ஒட்டியிருந்தால் பேரம் பேசாமல் காசைக் கொடுங்கள்.